வாய் நிறைய முட்டையுடன் கிடைத்த சிறு சிவப்பு மீன்

நீங்கள் கேட்டிருப்பது இதுதான். நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில் விசைப்படகிலிருந்து இறக்கிய சங்காயக் குவியலில், அதாவது விலைபோகாத சிறுமீன் குவியலில், ஆட்காட்டி விரல் நீளத்தில் சிவந்த மீன் ஒன்றைக் கண்டிருக்கிறீர்கள். உடம்புக்குப் பொருந்தாத பெரிய கண், வாய் நிறையக் கசகசாவைப் போன்ற ஆரஞ்சு நிற முட்டை. அது வேறொரு மீனின் முட்டையைத் தின்றுகொண்டிருந்தபோது வலையில் அகப்பட்டதா என்பது உங்கள் முதல் கேள்வி. பவளப்பாறையில் வாழும் மீன் என்று நண்பர் சொன்னாராம். பாறையே இல்லாத நம் காவிரி டெல்டாக் கடலுக்கு அது எப்படி வந்தது என்பது இரண்டாவது. வீட்டுத் தொட்டியில் வளர்க்க முடியுமா என்பது மூன்றாவது.

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். அது கார்டினல் மீன் என்ற வகையைச் சேர்ந்தது; முட்டையைத் தின்னவில்லை, அடைகாத்துக்கொண்டிருந்தது. அந்த முட்டைகள் அதனுடைய குஞ்சுகளாகப் போகிறவை. உங்கள் கையில் இருந்தது தாய் மீனும் அன்று, தந்தை மீன். முட்டையை வாயில் வாங்கிய நேரம் முதல் அது ஓர் இரையைக்கூட விழுங்கியிருக்காது.

வாயில் அடைகாப்பது டெல்டாவில் பிறந்தவர்களுக்குப் புதிதன்று. குளத்து ஜிலேபிக் கெண்டையைப் பிடித்துத் தலைகீழாக உதறினால் வாயிலிருந்து பொடிக்குஞ்சுகள் கொட்டுவதைச் சிறுவயதில் பார்த்திருப்பீர்கள். அங்கே வாயில் சுமப்பது தாய். விராலில் ஆணும் பெண்ணும், சிவப்பாகத் திரண்டு நீர்மட்டத்தில் மிதக்கும் பார்ப்புக்கூட்டத்தின் அடியிலேயே காவல் நிற்கும். ஆனால் வாயில் வைத்துக்கொள்வதில்லை. கடலுக்குப் போகிறவர்களுக்குத் தெரிந்த இன்னொன்று கெளிறு. பருவத்தில் பிடிபடும் ஆண் கெளிற்றின் வாயில் கோலிக்குண்டு அளவில் மஞ்சள் முட்டைகள் இருக்கும். அவற்றைத் தனியே எடுத்துக் குழம்பு வைக்கிற வீடுகள் கடற்கரையில் உண்டு. நீங்கள் கண்ட சிறு மீன் இந்தக் கெளிற்றின் வழியைச் சேர்ந்தது: தாய் முட்டையிட்டதோடு விலகிவிட, தந்தை வாயில் ஏந்திக்கொள்கிறது. கெளிற்றுக்குச் சில பத்து முட்டைகள்தாம். இதற்கோ இனத்தைப் பொறுத்து நூற்றுக்கணக்கிலிருந்து ஆயிரக்கணக்கு வரை.

இந்த மீன் அபோகோனிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. பொது வழக்கில் கார்டினல் மீன். உலகக் கடல்களில் இதில் 350க்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. பெரும்பாலானவை 10 சென்டிமீட்டரைத் தாண்டுவதில்லை. வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போய்ப் பழகியவர்களுக்குப் பெயரின் காரணம் எளிதில் விளங்கும்: கத்தோலிக்கத் திருச்சபையில் கர்தினால்மார் அணியும் சிவப்பு அங்கியின் நிறத்தை வைத்து இட்ட பெயர். ஆனால் குடும்பத்தில் எல்லாம் சிவப்பில்லை. மஞ்சள் கோடிட்டவை, கருப்புப் பட்டையுடையவை, உடம்பே கண்ணாடிபோல ஊடுருவித் தெரிபவை என்று பலவகை உண்டு. அபோகோன் என்ற சொல்லுக்குத் தாடியில்லாதது என்று பொருள். அதன் பின்னே ஒரு சிறு வரலாறு இருக்கிறது. மத்தியதரைக் கடலின் சிவப்பு இனத்தை 1758இல் விவரித்த, உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ், அதை நம் நவரையின் உறவு என்று எண்ணி முல்லஸ் இம்பெர்பிஸ், அதாவது தாடியற்ற நவரை, என்று பெயரிட்டார். நவரைக்குத் தாடையடியில் இரண்டு மீசை இருக்கும், இதற்கு இல்லை. சங்காயக் குவியலில் சின்னஞ்சிறு நவரையையும் இந்த மீனையும் பிரிக்க வேண்டுமானால் இன்றும் முதலில் தாடையடியைத்தான் பார்க்க வேண்டும்.

அடைகாப்பு எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த மீனின் வாழ்வில் மற்றவை எல்லாம் அதையொட்டியே அமைகின்றன. இணை சேரும் காலத்தில் ஆணும் பெண்ணும் கூட்டத்திலிருந்து பிரிந்து ஒன்றையொன்று உரசியபடி நிற்கும். பல இனங்களில் ஆணை நாடி வருவதும், அதன் முன் நடுங்கி உடலைச் சாய்த்துக் காட்டுவதும், பிற பெண் மீன்களை விரட்டுவதும் பெண்தான். இதற்குக் காரணம் எளிது. ஓர் ஆணின் வாயில் ஒரு நேரத்தில் ஒரு முட்டைத் திரளுக்குத்தான் இடம். ஆகவே காலியான வாயுள்ள ஆண் கிடைப்பது பெண்ணுக்கு அரிதாகிவிடுகிறது. முட்டைகள் தனித்தனியாக உதிர்வதில்லை. ஒவ்வொரு முட்டையின் மேலுறையிலும் உள்ள மெல்லிய இழைகள் பின்னிக்கொள்ள, மொத்தமும் ஒரே உருண்டையாக வெளிவரும். அது கருவுற்றவுடனேயே ஆண் திரும்பி முழு உருண்டையையும் வாய்க்குள் வாங்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் சிந்துகிற முட்டைகள் சுற்றி நிற்கும் மீன்களுக்கு இரையாகும்.

அன்று முதல் அந்த வாய் உணவுக்கு மூடப்படுகிறது. இனத்தையும் நீரின் வெப்பத்தையும் பொறுத்து ஏறத்தாழ ஒரு வாரம் முதல் சில வாரங்கள் வரை இந்தப் பட்டினி நீளும். இடையிடையே ஆண் வாயைச் சற்றுத் திறந்து, உருண்டையை முன்னே தள்ளி, புரட்டி, மறுபடி உள்ளே இழுத்துக்கொள்வதைக் காணலாம். நீரோட்டம் எல்லா முட்டைக்கும் படுவதற்காகச் செய்வது இது. மண்டபம் பக்கத்தில் ஆழமற்ற நீரில் முகமூடி அணிந்து படுத்தபடி இதை நான் வெகுநேரம் பார்த்திருக்கிறேன். கீழ்த்தாடையின் தோல் பையைப்போல இழுபட்டு மெலிந்து, உள்ளே முட்டைகள் மணிமணியாகத் தெரிந்தன. பொரிக்கும் நாள் நெருங்கியிருந்ததால் ஒவ்வொரு மணியிலும் இரண்டு வெள்ளிப் புள்ளிகள் மின்னின. அவை குஞ்சுகளின் கண்கள். வாய் திறந்த ஒவ்வொரு முறையும் அந்த நூற்றுக்கணக்கான கண்கள் ஒருசேர வெளியே பார்த்து மறைந்தன.

இந்தச் சுமைக்கு ஒரு விலை உண்டு. மீன் மூச்சுவிடுவதும் அதே வாய் வழியாகத்தான். வாய் நிறைந்திருக்கும்போது செவுள்களுக்கு நீரைத் தள்ள அது கூடுதலாக உழைக்க வேண்டும். நீரில் ஆக்சிஜன் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால், தன் உயிரைக் காத்துக்கொள்ள முட்டைகளை உமிழ்ந்துவிடும் என்று சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். வலையில் நசுங்கி மேலே வரும் ஆண் மீன்களின் வாய் பெரும்பாலும் காலியாக இருப்பதற்கும் இதுவே காரணமாக இருக்க வேண்டும். ஆகவே உங்களுக்குக் கிடைத்தது எளிதில் காணக்கிடைக்காத காட்சி.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உங்கள் சந்தேகத்தில் ஒரு துளி உண்மை இருக்கிறது. சில நேரங்களில் இந்த ஆண் மீன் தன் முட்டைகளையே விழுங்கிவிடுவதுண்டு. ஜப்பானியக் கடற்கரையில் பல ஆண்டுகள் நடந்த ஆய்வுகள், அடைகாப்பின் தொடக்க நாட்களிலேயே இது பெரும்பாலும் நிகழ்கிறது என்றும், முட்டைத் திரள் சிறியதாக இருந்தாலோ வேறொரு பெண் அருகில் தயாராக இருந்தாலோ அதற்கான வாய்ப்புக் கூடுகிறது என்றும் காட்டின. இதைக் கொடுமை என்று நாம் படிக்க வேண்டியதில்லை. பட்டினியில் உடல் வற்றிய ஆண், இந்த ஈடு தேறாது என்றால் அதை உணவாக்கி, அடுத்த ஈட்டுக்குத் தெம்பு சேர்க்கிறது. ஆனால் உங்கள் மீனின் முட்டைகள் உருண்டை குலையாமல், நசுங்காமல் வாயின் முன்பகுதியில் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது விழுங்கும் மீனின் வாய் அன்று.

கண் ஏன் அவ்வளவு பெரியது என்றும் உங்கள் கேள்விக்குள்ளேயே ஒரு வியப்பு இருந்தது. இது இரவில் இரை தேடும் மீன். பகல் முழுவதும் கிளைப்பவளங்களுக்கு இடையிலோ, பாறைக் குடைவிலோ, நீண்ட கருமுள் கொண்ட கடல் முள்ளெலியின் முட்களுக்கு நடுவிலோ ஒடுங்கி, அசைவின்றிக் கூட்டமாக நிற்கும். பொழுது சாய்ந்து, பகல் மீன்கள் பாறைக்குள் அடங்கும் அந்த அரைமணி நேரத்தில் இவை ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறிக் கலையும். பகலில் மணலிலும் பாறை இடுக்கிலும் பதுங்கியிருந்து இரவில் நீருக்குள் எழும் நுண்ணிறால்களும், நண்டின் இளம் பருவங்களும், புழுக்களும்தான் இவற்றின் உணவு. பல்வரிசை வலுத்த சில இனங்கள் சிறு மீன்களையும் பிடிக்கும். விடியுமுன் எல்லாம் திரும்பிவிடும். சிவப்பு நிறமும் இரவுக்கு ஏற்றதே. கடல்நீர் சிவப்பொளியைத்தான் முதலில் உறிஞ்சுகிறது; ஆழம் கூடக் கூடச் சிவப்பு மீன் கரிய நிழலாகிவிடும். தளத்தில் வெயிலில் பளிச்சென்று தெரிந்த அந்தச் சிவப்பு, கடலுக்குள் ஒளிந்துகொள்வதற்கான நிறம்.

திரும்பிவிடும் என்று ஒரு சொல்லில் சொன்னதில் பெரிய செய்தி அடங்கியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் உள்ள ஒன் ட்ரீ தீவில், அடையாளமிடப்பட்ட கார்டினல் மீன்கள் மாதக்கணக்கில் ஒரே பவளத்தின் ஒரே மூலைக்கு நாள்தோறும் வந்து நின்றதைப் பதிவு செய்தார்கள். பிடித்துக்கொண்டுபோய் ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் தொலைவில் விட்டபோதும் பல மீன்கள் தம் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தன. விரல் நீள மீனுக்கு அது எவ்வளவு தூரம் என்று எண்ணிப் பாருங்கள். பின்னர் நடந்த சோதனைகளில், தன் பாறையின் நீரையும் வேற்றுப் பாறையின் நீரையும் மணத்தால் பிரித்தறிந்து இவை தன் நீரின் பக்கமே நாடின. தந்தையின் வாயிலிருந்து வெளியேறி வாரக்கணக்கில் திறந்த கடலில் மிதந்து வரும் இளம் மீன்கள்கூடத் தாம் பிறந்த பாறையின் மணத்தை விரும்புவதாக 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. இரவெல்லாம் வெளியே மேய்ந்து, பகலில் பாறைக்குள் கழிவை விடுவதால், மணல்வெளியின் சத்து இந்த மீன்கள் வழியாகப் பவளத்துக்குப் போய்ச் சேர்கிறது. வயலில் கிடை போடுவதை நினைவூட்டும் ஏற்பாடு இது.

இங்கே டெல்டாக்காரர்களுக்கு நெருக்கமான ஒரு பக்கவழியில் கொஞ்சம் போய்வர விரும்புகிறேன். என் அப்பாயி மாலையில் வாங்கிவந்த காரலை ஆய்வதற்குமுன் அலுமினியத் தட்டில் வைத்திருந்த ஓர் இரவில், மின்சாரம் போன அடுப்படியில் அந்தத் தட்டில் நீலம் கலந்த ஒளி தேங்கி நின்றதை நான் பார்த்தேன். பயந்து கூப்பிட்டவனிடம், காரல் அப்படித்தான் மினுங்கும் என்று சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்த்தார். காரலின் உணவுக்குழலைச் சுற்றி ஒரு சிறு உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஒளிவிடும் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. கார்டினல் மீன்களிலும் சிபாமியா என்ற பேரினம் இதே வழியில் ஒளி பெறுகிறது. பகலில் கடல் முள்ளெலியின் முட்களுக்குள் ஒதுங்கி வாழும் அந்தக் கட்டைவிரல் மீனின் அடிவயிற்றில் உள்ள உறுப்பில் வாழும் பாக்டீரியாவுக்குப் போட்டோபாக்டீரியம் மண்டபமென்சிஸ் என்று பெயர். 1970இல் இடப்பட்ட அந்தப் பெயர் நம் இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தைக் குறிக்கிறது. ஜப்பானின் ஒகினாவாத் தீவில் அந்த மீனை ஆராய்பவர்கள் எழுதும் ஒவ்வொரு கட்டுரையிலும் நம் ஊர்ப்பெயர் ஒன்று இருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. தந்தையின் வாயில் இருக்கும்வரை குஞ்சிடம் இந்தப் பாக்டீரியா இல்லை. வெளியே வந்தபின் கடல்நீரிலிருந்தே ஒவ்வொரு குஞ்சும் தனக்குரியதைப் புதிதாகப் பெற்றுக்கொள்ள வேண்டும். நீரில் எத்தனையோ நுண்ணுயிர்கள் இருக்க, சரியான ஒன்று மட்டும் அந்த உறுப்பில் குடியேறுகிறது.

ஜேய்டியா என்ற இன்னொரு பேரினத்தில் சில இனங்கள் பாக்டீரியாவின் உதவி இல்லாமலே ஒளிர்கின்றன. ஆஸ்ட்ரகோட் என்ற, இருபுறமும் ஓடு மூடிய கடுகளவு உயிரிகளை இவை இரவில் தின்கின்றன. அந்த உயிரிகளின் ஒளிப்பொருளே இவற்றின் குடலைச் சார்ந்த உறுப்பில் சேர்ந்து ஒளி தருகிறது. இரையின் விளக்கை வாங்கித் தன் விளக்காக ஏற்றிக்கொள்கிறது என்று சொல்லலாம். மேலிருந்து விழும் நிலவொளியில் தன் நிழல் கீழே தெரியாதபடி அடிவயிற்றை ஒளியால் மறைத்துக்கொள்ள இது உதவும் என்பது பொதுவான கருத்து.

ஜேய்டியாவைச் சொன்னதற்குக் காரணம் உங்கள் இரண்டாம் கேள்வி. கொள்ளிடம் முகத்துவாரத்திலிருந்து தரங்கம்பாடி, நாகப்பட்டினம், வேளாங்கண்ணி வழியாகக் கோடியக்கரை வரை நம் கடற்கரை நேர்கோடான மணல். அடித்தளமும் மணலும் சேறுமே. பவளம் பற்றி வளர உறுதியான தளம் வேண்டும், தெளிந்த நீர் வேண்டும், உப்பின் அளவு பெரிதாக மாறக்கூடாது. வடகிழக்குப் பருவமழையில் காவிரியின் கிளைகள் வண்டலும் நன்னீருமாக வந்து சேரும் கரையில் இவை மூன்றும் அமைவதில்லை. தெற்கே மழை குறைந்த மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றிப் பவளம் வளர்ந்ததும், பாக் நீரிணைப் பக்கம் மண்டபம் கரையோரமாகவும் பாறை இருப்பதும் இதன் மறுபக்கம்.

ஆனால் கார்டினல் மீன் குடும்பம் முழுவதும் பவளத்தில் வாழ்வதன்று. அதில் கணிசமான இனங்கள், குறிப்பாக ஜேய்டியா வகையினர், மணலும் சேறுமான அடித்தளத்திலேயே வாழ்கின்றன. மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே 1875இல் அபோகோன் எலியோட்டி என்று விவரித்த மீன் சென்னைக் கடலில் கிடைத்ததே. வேறு சில இனங்கள், அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் பகுதிக் கடலில் பரந்திருப்பதைப் போன்ற கடற்புல்வெளிகளிலும் வாழும். ஆகவே உங்கள் மீன் வழிதவறி வந்த விருந்தாளி என்பதைவிட, இழுவைமடி ஓடும் அடித்தளத்திலேயே பிறந்து வளர்ந்தது என்பதற்கே வாய்ப்பு மிகுதி. விசைப்படகுகள் பல நாள் தங்கி வெகுதொலைவு போய்வருவதால், வேறு கடலில் பிடிபட்டு இங்கே இறங்கியிருக்கலாம் என்பதையும் தள்ளிவிட முடியாது. சந்தையில் இதற்கு விலை இல்லை, கருவாட்டுக்கும் ஆகாது. மீன்தூளுக்கும் கோழித்தீவனத்துக்கும் போகும் சங்காயத்தில் சேர்ந்துவிடுவதால், கரையில் யாரும் இதை நின்று பார்ப்பதில்லை. நீங்கள் நின்று வாயைத் திறந்து பார்த்தீர்கள் என்பதில் எனக்கு உண்மையாகவே நிறைவு.

பாறையில் வாழும் இனங்களுக்கு இன்று வெப்பம் பெரிய இடர். ஆஸ்திரேலியாவில் 2009இல் வெளியான ஓர் ஆய்வில் நீரின் வெப்பத்தை 29 டிகிரியிலிருந்து 33 டிகிரிக்கு உயர்த்தியபோது, உடன் சோதித்த, பாறையில் வாழும் டாம்செல் என்ற சிறு மீன்கள் கூடுதல் ஆக்சிஜனை எடுக்கும் திறனில் பாதிக்கு மேல் தக்கவைத்துக்கொண்டன. இரண்டு கார்டினல் இனங்களோ அந்தத் திறனை ஏறக்குறைய முழுவதுமாக இழந்தன. வாயில் முட்டையும் இருந்தால் என்னவாகும் என்பதை மேலே சொன்னதோடு சேர்த்துப் பாருங்கள். மன்னார் வளைகுடாப் பவளங்கள் 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடும் வெளுப்பைக் கண்டவை. இந்த மீனுக்குப் பகல் நிழலாக இருப்பதும் அந்தப் பவளக் கிளைகளே.

தொட்டி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடல்நீர்த் தொட்டியில் இவற்றை வளர்க்கிறார்கள், வளர்க்க முடியும். அந்த ஆசை என்ன செய்யும் என்பதற்கு இந்தோனேசியாவின் பாங்காய்த் தீவுகளில் மட்டும் இயற்கையாக வாழும் பாங்காய்க் கார்டினல் மீன் சான்று. 1933இல் விவரிக்கப்பட்ட அந்த மீன், 1990களில் மீண்டும் கண்டறியப்பட்டதும் அலங்கார மீன் வணிகத்துக்குப் பெருமளவில் பிடிக்கப்பட்டு, 2007இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (IUCN) சிவப்புப் பட்டியலில் அழியும் நிலையில் உள்ள இனமாகச் சேர்ந்தது. அதன் குஞ்சுகள் கடலில் மிதந்து பரவுவதில்லை. ஆகவே ஓரிடத்தில் தீர்ந்தால் வேறிடத்திலிருந்து வந்து நிரப்ப ஆளில்லை. வளர்க்கத்தான் வேண்டுமென்றால் தொட்டியிலேயே பிறந்த குஞ்சுகளை வாங்குங்கள். கடலில் பிடித்தவற்றைத் தவிருங்கள்.

மீனை உறைபெட்டியில் வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதை வெளியே எடுத்து முழுதும் உருகவிட்டு, முதுகுத் துடுப்புகளை ஊசியால் மெல்ல விரித்துப் பாருங்கள். இரண்டும் இடைவெளியோடு தனித்தனியே நிற்க வேண்டும். ஒரே தொடர்ச்சியாக ஓடினால் அது வேறு குடும்பம். முதல் துடுப்பின் முட்களை எண்ணிக்கொள்ளுங்கள், ஆறு முதல் எட்டுக்குள் இருக்கும். வால் நுனி வட்டமா, வெட்டியதுபோல நேரா, கவையா என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் முதுகுத் துடுப்பிலும் குதத் துடுப்பிலும் கரும்பட்டை இருக்கிறதா என்று பார்த்து, அருகில் அளவுகோல் வைத்து இருபுறமும் படமெடுங்கள். முட்டை உருண்டையை வாயிலிருந்து பிரிக்காமல் அப்படியே விட்டுவிடுங்கள். வாயிலேயே இருந்தால்தான் எந்த மீனின் முட்டை என்பது ஐயத்துக்கு இடமில்லாமல் இருக்கும். அந்தப் படங்களோடும் மீனோடும் நாகப்பட்டினத்தில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கோ, கொள்ளிடம் தாண்டிப் பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்துக்கோ போனால் இனப்பெயரை உறுதி செய்துகொள்ளலாம். படகு எந்த ஆழத்தில், கரையிலிருந்து எவ்வளவு தொலைவில் மடி இழுத்தது என்று படகுக்காரரிடம் கேட்டு, தேதியோடு ஒரு சீட்டில் எழுதி மீனுடன் வையுங்கள்.